நீலவேணியின் பெயரில்

ஊசியைக் கண்டதுமே நீலவேணி கதறத் தொடங்கிவிடுவாள். போன முறை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். மறுபடி அதைப் பார்க்கப் பொறுக்காமல், இம்முறை அக்கா வசுமதி தங்கையை லேப் வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு, அவள் பெயரைச் சொல்லித் தன் கையை நீட்டினாள்.

மறுநாள் மனநல மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ரத்தத்துல அழற்சி அளவு ஏறியிருக்கும்மா. நோய் திரும்புறதுக்கு முன்னாடி சிலருக்கு இப்படி ஏறும். எதுக்கும் மாத்திரையக் கூட்டிடறேன்."

வசுமதியின் கடைவாய்ப்பல் ஒரு வாரமாகச் சீழ் கோத்து வீங்கியிருந்தது. சோதித்தது தன் ரத்தம் என்று சொல்லிவிடலாம் என வாயெடுத்தாள். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் டாக்டர் ஏசுவாரே என்று நினைத்ததும் நாக்கு எழவில்லை.

வீட்டில் நீலவேணி உள்ளங்கையில் இருந்த கூடுதல் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லாத்தானேக்கா இருக்கேன்? உனக்குத் தெரியும்ல?"

வசுமதி தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

நீலவேணி விழுங்கினாள். பிறகு, மாத்திரையை ஒளித்துவைக்கவில்லை என்று தினமும் காட்டுகிறபடியே வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கினாள். வசுமதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சரி, மூடு' என்று அக்கா சொல்வாள் என்று, திறந்த வாயோடு நீலவேணி அப்படியே நின்றாள்.