வயது எட்டு

"வயசு எட்டா? என்னம்மா, எங்களைப் பார்த்தா ஏமாளிங்க மாதிரி தெரியுதா?"

சேர்க்கைப் பணியாளர் ஹனீன் படிவத்தை மேசைமேல் வீசினாள். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆட்டிசம் மையத்தில் புதிய சிகிச்சை ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் கடைசி நாள். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரை மட்டும்.

எதிரே மெஹ்ரசியா. பக்கத்தில் அவள் மகன் நௌஃபல். தாடியில் நரை எட்டிப் பார்த்தது.

"இவனுக்கு முப்பத்தாறு ஆகுதும்மா" என்றாள் மெஹ்ரசியா.

"அப்ப ஏன் பொய் எழுதினீங்க? ஒரு குழந்தையோட இடத்தைப் பறிக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி பொருமினாள். "என் பொண்ணுக்கே இடம் கிடைக்குமோ என்னமோ. இவ தாடிக்காரனைக் கூட்டிட்டு வந்துட்டா!"

"எனக்கு எழுதத் தெரியாதும்மா. அவனேதான் எழுதினான்."

"நல்லா கதை விடறீங்க. பெரியவங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது. கிளம்புங்க."

"எனக்கு எழுபது ஆச்சு. தனியா பஸ் ஏற, கடைக்குப் போக இவனை யாராச்சும் பழக்கிவிட்டாப் போதும். இங்க இல்லேன்னா வேற எங்க போகணும்? அதையாவது சொல்லும்மா."

ஹனீன் வாயைத் திறந்தாள். ஒன்பது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறாள். ஓரிடம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் பொதைனா வெளியே வந்தார். மையத்தைத் தொடங்கியவரே அவர்தான்.

நௌஃபல் சட்டென்று எழுந்தான். அவர் முகத்தை நேராகப் பார்த்தான். கையை நீட்டினான்.

"வணக்கம் டாக்டர். என் பேர் நௌஃபல். எனக்கு வயசு எட்டு."

நீட்டிய கையைப் பிடித்த டாக்டர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நௌஃபலா? எங்க முதல் ஆய்வில இருந்த..."

"அவனேதான் டாக்டர்" என்றாள் மெஹ்ரசியா. "எட்டு வயசுல இவனுக்குப் பேரும் வயசும் சொல்ல ஆறு மாசம் பழக்கினீங்க. அப்பத்தான் முதன்முதலா வாயைத் திறந்தான். அதை நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்."

டாக்டர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹனீனால் நிமிர முடியவில்லை.

மெஹ்ரசியாவின் குரலில் கோபமே இல்லை.

"ஆய்வு முடிஞ்சு போச்சுன்னு அனுப்பினீங்க. அதுக்கப்புறம் அவன்கிட்ட யாருமே வயசு கேக்கல டாக்டர்."