கயிற்றில் ஏறும் கண்ணாடி அலமாரி

ஆம்ஸ்டர்டாமின் குறுகிய படிக்கட்டில் அலமாரி திரும்பவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலில், தனியாகக் குடிவரும் வீட்ஸ்கே நிற்கிறாள். போன் திரையில் சாமான் ஏற்றும் கம்பெனியின் நம்பர். வீட்டு முகப்பில் நீட்டிய கூரைக் கொக்கியில் மாட்டிய கப்பி கிறீச்சிடுகிறது. கண்ணாடிக் கதவு எதிர்வீடுகள்மேல் வெயிலை வாரி இறைக்க, அலமாரி கயிற்றில் ஏறுகிறது. “இப்பவாவது ஆள் கூப்பிடட்டுமா?” என்று கீழே பார்த்துக் கேட்கிறாள் வீட்ஸ்கே. “பேசாம இருடி, கை வழுக்குது!” மூன்று நண்பர்களோடு கீழே கயிறு இழுக்கும் தோழி யோக்கே கத்துகிறாள். அலமாரி சுழன்று இரண்டாம் மாடி ஜன்னலை நெருங்குகிறது; வீட்ஸ்கேயின் கட்டைவிரல் நம்பர்மேல் இறங்குகிறது. அந்த ஜன்னல் திறக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தி உள்ளங்கையால் அலமாரியை நிறுத்தி, கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு, நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்கிறாள். பிறகு அண்ணாந்து, “மேல் வீட்டுக்குப் புதுசா? காபி போடறேன். எத்தனை பேரு?” போன் பைக்குள் போகிறது. “அஞ்சு பேரு,” என்று அலமாரிக்குக் கை நீட்டுகிறாள் வீட்ஸ்கே, “உங்களோட ஆறு!”