அதட்டல் மருமகள்

"இடப்பக்கம் அத்தை! திருப்புங்க! இப்பவே திருப்புங்கன்னா!"

அந்தக் குரல் அத்தனை படகுகளுக்கும் கேட்டது.

பாய்மரப் படகுப் போட்டியின் கடைசிச் சுற்று. இதில் ஜெயிப்பவர்களுக்குத்தான் கோப்பை. படகுக்கு இரண்டு பேர்.

பக்கத்துப் படகில் சுக்கானைப் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. பாய்க் கயிறு அவர் கணவர் கையில். இருவரும் வெளியூர், நேற்றுதான் வந்தார்கள்.

"மாமியாரை இப்படியா விரட்டுவா?" டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காலையில அந்த அம்மா பண்ணின அழும்பு உனக்குத் தெரியாது. படகோட அடிப்பக்கம் முழுக்க உள்ளங்கையால தடவித் தடவி, 'இங்க சொரசொரங்குது, மறுபடி தேய்'னு நாலு தடவை தேய்க்க வெச்சாங்க. அந்தக் கடுப்பை இப்ப தீர்த்துக்கிறா."

"அதுக்காக? அறுபது வயசு இருக்கும்ங்க அவங்களுக்கு!"

"நீ முன்னாடி பாரு."

எல்லாப் படகுகளும் இடப்பக்கம் போயின. மாமியார் மட்டும் கன்னத்தைக் காற்றுக்குக் காட்டியபடி ஒரு கணம் யோசித்தார்.

"காத்து மாறுது. வலப்பக்கம் போவோமா?"

"ஆமா, அங்கதான் காத்துல தண்ணி கறுத்துச் சிலிர்த்துக்கிட்டு வருது. போங்க அத்தை, போங்க!"

அடுத்த நிமிடம் இடப்பக்கம் போனவர்களின் பாய்கள் தொங்கிப்போயின. மாமியார் படகு மட்டும் பறந்தது.

"திரும்புற மிதவைக்குப் பத்தடி! இன்னும் நேரா! அவசரப்படாதீங்க! இப்ப வளைங்க! ஐயோ, வளைங்கன்னா!"

ஒரு படகு நீள வித்தியாசத்தில் வெற்றி. இரண்டாவதாக வந்த டாக்டரம்மா கரையேறியதும் நேராக மருமகளிடம் போனார்.

"வாழ்த்துகள்மா. ஆனா பெரியவங்ககிட்ட கொஞ்சம் மரியாதையாப் பேசப் பழகு. நாங்களும்தான் ஓட்டினோம், சத்தம் வந்துச்சா?"

"அதான் ரெண்டாவது," என்றார் கணவர் மெதுவாக.

மருமகள் கோபப்படவில்லை. "சரிங்க மேடம்" என்று சிரித்துவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனாள்.

கிளப் தலைவர் கோப்பையை நீட்டினார். மாமியார் கைகளை நீட்டினார், கோப்பை இல்லாத பக்கமாக.

மருமகள் அந்தக் கைகளை மெல்ல நகர்த்திக் கோப்பையின் மேல் வைத்தாள்.

தட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கைகள் அப்படியே நின்றன.

மாமியார் மைக்கைத் தடவிப் பிடித்துச் சிரித்தார்.

"எனக்குப் பார்வை போய் மூணு வருஷமாச்சு. படகை வித்துடுங்கன்னு ஊரே சொல்லுச்சு. இவதான் விடல. 'நீங்க ஓட்டுங்க அத்தை, நான் பார்த்துச் சொல்றேன்'னு வந்து ஏறிக்கிட்டா. அதுவரைக்கும் இவ முழங்கால் தண்ணியிலகூட நின்னதில்ல!"