குரலில் ஒரு சீறல்

"யாரைக் கேட்டு என் மிக்ஸ்ல கை வெச்சே?"

பெர்னார்ட் போட்ட சத்தத்தில், பாட்டுப் பயிற்சிக்காக மாதா கோயில் ஹாலுக்கு வந்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எவலினுடைய லேப்டாப் மேசை மேல் திறந்திருந்தது. அவள் பாடி, பெர்னார்ட் முந்தின நாள் மிக்ஸ் செய்து கொடுத்த கிறிஸ்மஸ் பாட்டு திரையில் இருந்தது. கூடவே, பெர்னார்ட் போடாத ஒரு மென்பொருள் கருவியும் அவள் குரலின் மேல் உட்கார்ந்திருந்தது. டீ-எஸ்ஸர். 'ஸ்', 'ஷ்' வருகிற இடத்தில் மட்டும் குரலை அமுக்குகிற சமாச்சாரம்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருசமா, அண்ணே."

"எல்லாப் பாட்டுலயுமா?"

தலையாட்டினாள்.

பெர்னார்டுக்குக் கோபம் தலைக்கேறியது. பாடாங் மேஹா ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடமாக பாயிலர் பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோயில் பாட்டுகளில் குரலையும் இசையையும் அளவாகச் சேர்த்து மிக்ஸ் செய்வார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தைதான். தோரணை மட்டும் பெரிய ஸ்டூடியோக்காரர் மாதிரி. அவர் கொடுப்பதை எவலின் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். 'மிக்ஸ்: பெர்னார்ட் அண்ணன்' என்று மறக்காமல் எழுதுவாள். பாராட்டு வந்து குவியும்.

"என் காது என்னா காது தெரியுமா? பாயிலர் உறுமுறதைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன். காதுல மூடி போடச் சொல்லுவாங்க, ஒரு நாள் போட்டதில்ல. எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?"

"தப்புதான் அண்ணே. மன்னிச்சிடுங்க."

"விடுங்க லா அண்ணே," என்றான் கீபோர்டு வாசிக்கும் மார்க்கஸ்.

"நீ சும்மா இரு லா. இந்த வாட்டி நானே அனுப்பிக்கிறேன்."

அனுப்பினார். குழுவில் பேச்சு மூச்சு இல்லை. ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் அவர் மனைவி ஜெனவீவ் போட்டது.

ஞாயிறு பூசைக்கு முன் அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். 'இயேசு' வந்தபோதெல்லாம் முன்வரிசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 'சந்தோஷம்' வந்ததும் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது. கடைசியில் ஃபாதரே போய் சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன பெர்னார்ட், பாம்பு சீறுற மாதிரி இருக்கு?"

பெர்னார்டுக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் காரணம் சட்டென்று பிடிபட்டுவிட்டது போலிருந்தது.

"எவலின் குரல்தான் ஃபாதர். பல்லுல ஏதோ கோளாறு. தள்ளி நின்னு பாடுறப்ப தெரியாது. மைக்குகிட்ட வந்தா வண்டவாளம் வெளிய வந்துடும். அதை மறைக்கத்தான் ரெண்டு வருசமா திருட்டுத்தனமா வெட்டியிருக்கா."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். எவலின் இரண்டு வரிசை தள்ளி, ஜெனவீவ் பக்கத்தில்தான் இருந்தாள். தலை நிமிரவே இல்லை.

கிறிஸ்மஸ் தனிப்பாட்டு, குழுவில் பாடும் இன்னொருத்தி கேரனுக்குப் போனது. அடுத்த வாரத்திலிருந்து எவலின் வரவில்லை. பக்கத்து ஊரான கூலிமில் வேறு கோயிலுக்குப் போகிறாள், அங்கே பாடுவதில்லை என்று கேள்வி. 'குறையைச் சொன்னா ரோசம் வந்துடுது' என்று பெர்னார்டும் விட்டுவிட்டார்.

ஜனவரியில் ஆலையில் காது பரிசோதனை. இரண்டு வருடம் லீவு போட்டு நழுவியவரால் இந்த முறை தப்ப முடியவில்லை. சின்ன அறைக்குள் ஹெட்போனோடு உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள்.

முடிந்ததும், பரிசோதிக்க வந்திருந்த அஃபிரா என்ற பெண் தாளைக் காட்டினாள். நேராக வந்த கோடு பாதியில் சறுக்கிக் கீழே விழுந்திருந்தது.

"கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குது அங்கிள். கீச்சுன்னு வர்றது, 'ஸ்', 'ஷ்' இதெல்லாம்தான் கேக்கல. இது நேத்து வந்தது இல்ல. சில வருசமா இருக்கும்."

பெர்னார்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலும், குரல் மந்தமாக இருக்கிறதே என்று ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, ஏற்றி ஏற்றி வைத்தது அவர் கைதான். சீறியது எவலின் இல்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தாளை ஜெனவீவிடம் நீட்டினார். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எவலின் வந்து சொன்னா. 'அண்ணனுக்குச் சன்னமான சத்தம் கேக்கல அக்கா, கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னா. நான் கூப்பிட்டேன். 'என் காதையா சந்தேகப்படுறே'ன்னு என் மேல பாய்ஞ்சீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"சரி, அன்னிக்குக் கோயில்ல எல்லார் முன்னாடியும் அவளைக் கேவலமா பேசினேனே. அப்பவாவது நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஜெனவீவ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லத்தான் எந்திரிச்சேன். அவதான் கையைப் பிடிச்சு உட்கார வெச்சா. 'வேணாம் அக்கா. காது போச்சுன்னு தெரிஞ்சா அண்ணன் பாட்டையே விட்டுடுவாரு. என் குரல்லதான் குறைன்னு இருந்துட்டுப் போகட்டும்'னா."