நழுவும் ட்ரவுட்

மாதம் ஒருமுறை ஊட்டிக்குப் போய் ட்ரவுட் மீன் பிடிக்கும் கிருஷ்ணராஜ், இந்த மாதமும் வெறுங்கையோடு மைசூருக்குத் திரும்பினான்.

“மீன் கவ்வுது தாரணி, இழுக்கிறதுக்குள்ள நழுவிடுது. ஆபீஸ்ல சிரிக்கிறாங்க.”

“மனசு தளராதீங்க. அடுத்த மாசமும் போங்க,” என்றாள் மனைவி.

அவன் குளிக்கப் போனதும், கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஞ்சலை சொன்னாள்: “நீ தங்கம்டி. நானா இருந்தா தூண்டிலை ஒடிச்சிருப்பேன்.”

தாரணி அவன் பெட்டியைத் திறந்தாள். அடுத்த பயணத்துக்காக, மீனை ஏமாற்ற இறகு கட்டிச் செய்து வைத்திருந்த பொய் ஈக்களை எடுத்தாள். இறகுக்குள் மறைந்திருந்த தூண்டில் முட்களின் நுனிகளைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக நறுக்கினாள்.

“ஏண்டி இப்படி?”

“கல்யாணமான புதுசுல ஒரு மீன் பிடிச்சார்க்கா. அந்தக் கதையே இன்னும் முடியல.”