மூன்றாம் மாடியில் மழை

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் உதிர்ந்துபோகட்டும்: அன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், கூரைக்குக் கீழே, கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது.

மாணவர் நல மையம் அந்த மாடியில்தான் இருந்தது. ஒரு அறை, உள்ளே ஒரு ஆலோசகர், வெளியே ஒரு பெஞ்சு. கதவு வெறும் ஒட்டுப்பலகை. உள்ளே யாராவது பெருமூச்சு விட்டால் வெளியே காலண்டர் ஆடும்.

மனசு விட்டுப் பேச வருகிற பிள்ளைகளுக்கு இது சரிப்படுமா? கனமான கதவு கேட்டதற்கு மேலிடம் ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்தது. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். பிளக்கைச் சொருகிக் குமிழைத் திருகினால் மழைச் சத்தம் வரும். உள்ளே பேசுவது வெளியே காதில் விழாது.

குமிழைத் திருகுவது வாசலில் உட்காரும் உதவியாளரின் வேலை. பிள்ளைகள் அவருக்கு மழைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது லேசுப்பட்ட மழை அல்ல. பெட்டி வந்த அன்றே கணிதப் பேராசிரியர் ஒருவர் கொடியில் காய்கிற துணியை எடுக்க வீட்டுக்கு ஓடினார். ஒரு தவளை மூன்று மாடி ஏறி வந்து பெஞ்சுக்கடியில் குடியேறியது. வராந்தாவில் இருந்த பூந்தொட்டிகளுக்கு அதன்பிறகு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அவைபாட்டுக்குச் செழித்து நின்றன. விவரம் தெரிந்த பிள்ளைகள் குடையோடுதான் வருவார்கள்.

அன்று மழைக்காரருக்கு விடுப்பு. மாற்று ஆள் வரவில்லை என்று ஆலோசகர் போன் செய்ததால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்து உட்கார்ந்த சூட்டோடு படியேறி வந்தாள் அவருடைய மகள்.

அவளும் அங்கேதான் படித்தாள். ஒரு மாதமாக வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தட்டில் போட்டது போட்டபடி திரும்பும். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." அவ்வளவுதான்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் உங்க வாசல்ல வந்து அழுதுட்டுப் போகுது. நம்ம பிள்ளைக்கு என்னன்னு கேட்டா மட்டும் முழிக்கிறீங்களே!" என்று மனைவி அன்று காலைகூட ஒரு பிடி பிடித்திருந்தாள்.

அப்பா இல்லாத நாளாகப் பார்த்துத்தான் மகள் வந்திருக்கிறாள். அவரைக் கண்டதும் ஒரு கால் கீழ்ப்படிக்குப் போயிற்று.

இப்போது திரும்பினாளென்றால் இனி இந்தப் படியே ஏற மாட்டாள். அது அவருக்குத் தெரியும். அப்பாவாக ஒரு வார்த்தை பேசினாலும் காரியம் கெட்டது.

"நம்பர் போட்டிருக்கியாம்மா?" என்று யார் பெற்ற பிள்ளையோ என்பதுபோல் கேட்டார்.

தலையாட்டினாள். பெட்டியைப் பார்த்தாள்.

அவர் குமிழைக் கடைசிவரை திருகினார்.

"வெளியில... கேக்குமாப்பா?"

"இந்த மழையிலயா? பக்கத்துல இடி விழுந்தாலே கேக்காது. போ."

அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். உள்ளே போனாள். கதவு மூடியது.

அப்படியொரு மழையை அந்தப் பெட்டி அதற்குமுன் பெய்ததில்லை.

பெஞ்சில் இருந்த குண்டுப் பையன்தான் முதலில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டான். பக்கத்திலிருந்த பெண் குடையை விரித்தாள். இன்னொருவன் பாடப்புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்தான். அதுவரை அவன் அதைத் திறந்ததில்லை, இதற்காவது பயன்பட்டது. ஒருவரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. அடுத்தடுத்து உள்ளே போகவேண்டியவர்கள் அவர்கள்.

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. தவளை நீந்திக்கொண்டே மாடிப்படியில் இறங்கிப் போயிற்று.

நடுவில் ஒருமுறை, காரணம் எதுவும் இல்லாமல், மழைக்காரர் விருட்டென்று எழுந்துவிட்டார். கை கதவுப் பிடிவரை போய்விட்டது. மகள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அவள் முனகினால் முதலில் நீள்கிற கை அது.

குண்டுப் பையன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வழுக்கும் அங்கிள். உக்காருங்க."

உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? குமிழையும் அதற்குமேல் திருக முடியாது.

சாரல் முகத்தில் அடித்தது. துடைத்தார். மறுபடி அடித்தது. கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தார். குடைக்காரப் பெண் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். பிரயோஜனமில்லை.

கதவு திறந்தது.

மகளின் கண்கள் வீங்கியிருந்தன. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். பெஞ்சின்மேல் ஏறியிருந்த கால்களைப் பார்த்தாள். விரித்த குடையைப் பார்த்தாள்.

பிறகு குனிந்து, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"எப்பப்பா விடும்?"

"தெரியலம்மா."

வெள்ளத்தில் நடப்பவள்போல் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துப் படியிறங்கிப் போனாள்.

அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். குண்டுப் பையன் காலைக் கீழே இறக்கினான்.

அன்று காலையிலிருந்தே அந்தக் கட்டடத்தில் மின்சாரம் இல்லை.