லோர்னா தோற்கும் மேசை

ஆன்லைன் போக்கரில் சில்லறைக்கு ஆடுகிறவர்கள்கூடக் கணக்குப் போட்டு ஆடினார்கள். ஜெயிக்க முடியாமல் அலுத்துப்போய், கர்ட்டிஸ் ரீனோ நகரத்தில் ஒரு சிறிய சீட்டாட்ட அறைக்கு வந்தான்.

அங்கே எழுபது வயது லோர்னா எந்தச் சீட்டு வந்தாலும் பணம் வைத்தாள். தோற்றாலும் சிரித்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் துணிந்து வைத்தார்கள். சீட்டுப் போடுகிறவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்திலிருந்து நான்கு டாலரை, அறைக் கட்டணமாக மேசை ஓட்டைக்குள் தள்ளினான்.

மூன்றாம் நாள், ஆட்டம் கலைந்ததும் கர்ட்டிஸுக்கு மனசு உறுத்தியது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஆடவே தெரியல. மிச்சமிருக்கிற பென்ஷனையாவது காப்பாத்திக்குங்க. இனிமே வராதீங்க."

"நான் வரலன்னா நீ யாரைப்பா ஜெயிப்ப?"

"பரவாயில்ல." அன்று அவளிடம் ஜெயித்த நாற்பது டாலரை அவள் முன்னால் வைத்தான்.

"இவ்வளவு நல்லவனா இருந்துகிட்டு சீட்டாட வந்தியாக்கும்!"

லோர்னா பணத்தை அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, மேசைக்கு அடியிலிருந்த கட்டணப் பெட்டியைக் கழற்றினாள்.

"நான் ஒழுங்கா ஆடினா என் கடைக்கு எவன் வருவான்? இதை ஆபீஸ் வரைக்கும் தூக்கிட்டு வா தம்பி. கனமா இருக்கு."